வருஷத்துக்கு ஒரு மெஷின் வேண்டாம்

மேற்பிரிவு ஸ்டாப் குவாட்டர்ஸ்,
ஹட்டன்.
17-11-1986, திங்கட்கிழமை

அன்பும் பட்சமும் உள்ள தம்பி றோலண்டுக்கு, தோட்டத்திலிருந்து அக்கா இசபெல் எழுதுவது. இவ்விடம் அப்பாவும் நானும் டெலிவிஷனும் ஆண்டவர் கிருபையால் ஒருவாறு சுகம். அவ்விடம் துபாயில் நீயும் உன் அறைக்கூட்டாளிகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நீ வாங்கி வைத்திருக்கும் புது மெஷின் மட்டும் சுகமாக இங்கே வந்து சேரக் கூடாது என்றும் அதே மூச்சில் மன்றாடினேன். மாதா எந்தப் பாதியைக் கேட்டார்களோ தெரியாது.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலையைச் சொன்னால் சிரிப்பாய். முகம் கழுவவில்லை, அடுப்பு மூட்டவில்லை, செபம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து அடிமட்டத்தை எடுத்துப் போய், நீ முதன்முதலில் அனுப்பிய விளையாட்டு மெஷினின் கம்பியை அளந்தேன். ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழ் சுவரில் தொங்குகிற வீட்டில், நாற்பது தாண்டிய ஒரு பெண், பல்லும் விளக்காமல் குந்தியிருந்து கம்பி அளக்கிறாள். அப்பா கட்டிலில் இருந்தபடியே, "என்னாம்மா, எலியா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். ஏன் அளந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னோடு சண்டை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. "அக்கா, இது ஜப்பான்காரன் இப்பதான் விட்டிருக்கிற மெஷின், போன வருஷம் அனுப்பினதெல்லாம் இதுக்கு முன்னால தூசு, அந்தக் கேசட் ஒண்ணும் இதுக்குப் போடாது, தூக்கிப் போட்டுடு, மஸ்கெலியா செல்லசாமி அண்ணன் கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது கொண்டு வருவாரு" என்று எழுதியிருக்கிறாய். தூக்கிப் போடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். முந்தின கிறிஸ்மசுக்கு ஒரு மெஷின், போன கிறிஸ்மசுக்கு ஒரு மெஷின், இதோ இந்தக் கிறிஸ்மசுக்கு இன்னொன்று. நீ வருவதாக எழுதுகிற ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் உனக்குப் பதிலாக ஒரு பெட்டி வருகிறது. பெட்டி உன்னைவிடக் கொஞ்சம் மெலிவு என்பதைத் தவிர அதில் எனக்கு ஆறுதல் ஒன்றுமில்லை.

நீ மலையில் வேலை வாங்கின ஒரு தோட்டக் கண்டாக்கின் மகன். தேயிலைக்குக் கவ்வாத்து எப்போது வெட்டுவது என்று நான் உனக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிறோம். மலை மொட்டையாகக் கிடக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். பிறகு மெல்லத் துளிர்த்து, மட்டம் கட்டி, அதன் பிறகுதான் கூடை நிறையக் கொழுந்து. பழைய செடியில் இலை குறைகிறது என்று கண்ட பின்தான் அடுத்த கவ்வாத்து. எவனாவது ஒரு துரை ஆசைப்பட்டு வருஷா வருஷம் கவ்வாத்து வெட்டினால் மலையில் என்ன மிஞ்சும்? விறகு மிஞ்சும். இதைத்தான் அந்த ஜப்பான்காரனுக்குச் சொல்ல வேண்டும், அவன் விலாசம் என்னிடம் இல்லாததால் உனக்குச் சொல்கிறேன். ஒரு விளையாட்டு மெஷினை வாங்கினால் முதலில் அதில் தோற்க வேண்டும். பிறகு விரல் பழக வேண்டும். அதற்கும் பிறகு ஒரு நாள் வரும், விளையாடுகிறோம் என்பதையே மறந்து, கை தன்பாட்டில் விளையாட வாய் தன்பாட்டில் பேசுகிற நாள். அதுதான் கொழுந்து. அந்த நேரம் பார்த்து நீ கத்தியோடு வந்து நிற்கிறாய்.

நான் இப்படிப் பேசுவேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அவர்களை மாணவர் வரிசையில் கடைசியில் நிற்க வைத்திருப்பேன். முதல் மெஷின் வந்தபோது அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தவள் நான். "படிச்ச வீட்டுல இதென்ன கூத்து" என்று அப்பாவிடம் உறுமினேன். பிறகு ஒரு மழை நாளில், பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தி அலுத்துப்போய், அதற்குள் இருக்கிற ஆங்கிலப் புத்தகத்தைச் சும்மா வாசித்துப் பார்ப்போம், அறிவுக்கு நல்லது என்று எடுத்தேன். அறிவுக்காக அன்டெனாக் கம்பியைக் கழற்றினேன். அறிவுக்காக மெஷின் கம்பியைப் பூட்டினேன். டெலிவிஷனில் இரண்டு வெள்ளைக் கோடும் ஒரு வெள்ளைப் புள்ளியும் வந்தன. கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து என்று புத்தகம் சொன்னது. அன்று அடுப்பில் இருந்த பருப்பு கரியாகி, சட்டி ஓட்டையாகி, அப்பா எழும்பி வந்து, "சாப்பாடு ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்கும் வரைக்கும் அறிவு வளர்த்தேன்.

அந்த அறிவு மணிக்கட்டில் வந்து நின்றது. மட்டையை நகர்த்தும் திருகைத் திருப்பித் திருப்பி வலது கை வீங்கி, கரும்பலகையில் எழுத முடியாமல் போய், தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனேன். டிஸ்பென்சர் மரியநாயகம் ஐயாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. தோட்டமே அவரை டொக்டர் என்றுதான் கூப்பிடும்.

"என்னாங்க டீச்சர், கை எப்படி இப்படிப் பெரண்டுச்சு?"

"துணி புழிஞ்சேன் டொக்டர்."

"துணி புழிஞ்சா ரெண்டு கையும்ல நோகும். ஒங்களுக்கு ஒரு கைதானே வீங்கியிருக்கு?"

"ஒரு கையால புழிஞ்சேன்."

அவர் மணிக்கட்டில் பந்தனத் துணியைச் சுற்றினார். மருந்துக்குக் காத்திருப்போர் உட்காரும் வாங்கில் நம் பேச்சியம்மா இருந்தாள், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாளே, அவள்தான். "பொய் சொல்றாங்கய்யா! டீச்சரம்மா டீவிக்குள்ள பந்து அடிக்கிறாங்க. டொக்கு டொக்குன்னு லயத்து வீடுக வரைக்கும் கேக்குது. எம் பிள்ளைகள ஒறங்க வைக்கவே முடியல" என்றாள். அந்த இடத்திலேயே மருந்துச்சாலைத் தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். தோட்டத்துச் சிமெந்து அவ்வளவு உறுதி, விழுங்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மரியநாயகம் ஐயா. "நோய்க்குக் காரணம் தெரியாம மருந்து குடுக்கக் கூடாதுங்க டீச்சர். காரணத்தப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். காரணத்தைக் காட்டினேன். காரணத்தோடு ஒரு ஆட்டம் ஆடினார், தோற்றார். நோய் முற்றிலும் விளங்கவில்லை என்று அடுத்த ஞாயிறும் வந்தார்.

அந்த மெஷினின் அமைப்பு உனக்கு மறந்திருக்கும். ஒரு திருகு பெட்டியிலேயே இருக்கிறது. மற்றத் திருகு மட்டும் ஒரு கம்பியின் நுனியில், பசுவைப் பிரியாத கன்று மாதிரி. பெட்டி என் மடியில், கம்பித் திருகு அவர் கையில். முதல் நாள் அவர் மரியாதைக்குப் போய் மூலைக் கதிரையில் உட்கார்ந்து கம்பியை இழுக்க, பெட்டி என் மடியிலிருந்து தாவி விழுந்தது. அப்பாதான், "கிட்ட வந்து ஒக்காருங்க டொக்டர். ஒடஞ்சா துபாய்லருந்துதான் சாமான் வரணும்" என்றார். அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்து வெள்ளைக் கோடு ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அவர்தான் எங்கள் நடுவர். டொக் டொக் என்ற சத்தம் நின்றால், "அவுட்! யாரு?" என்பார். தப்பாகச் சொன்னதே இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அத்தனை வருஷம் பேர் கூப்பிட்ட குரல், பக்கத்து வீட்டு நாய் எழும்பி நிற்கும்.

இப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே, நான் மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று கவனித்தேன். நானும் அவரும் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத இனம். மருந்துச்சாலையில் கண்டால், "எப்படி டீச்சர்", "இருக்கேன் டொக்டர்" என்பதோடு எங்கள் இலக்கியம் முடிந்தது. பந்து ஓடும்போது மட்டும் இருவருக்கும் கண் டெலிவிஷனில் இருந்தது. பார்க்க வேண்டிய இடத்தைப் பந்து பார்த்துக்கொண்டது, சும்மா இருந்த வாய் பேச ஆரம்பித்தது. தன் மனைவி சாவதற்கு முந்தின வாரம் பலாக்காய்க் கறி கேட்டதையும், கிடைக்காமல் போனதையும் அவர் எனக்குச் சொன்னது ஒரு நீண்ட ஆட்டத்தின் நடுவில்தான். நான் கலாசாலையில் படிக்கும்போது எனக்கு வந்த சம்பந்தத்தை அம்மாவின் வருத்தத்தைக் காட்டி வேண்டாமென்றதையும், அம்மா சுகமான பிறகு யாரும் திரும்பக் கேட்கவில்லை என்பதையும் நான் சொன்னதும் அப்படித்தான். சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் பந்தை விடவில்லை. அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அல்லது விடுவதுபோல இருந்தார். அது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அப்போதுதான் உன் இரண்டாவது மெஷின் வந்தது.

ஆகாயத்திலிருந்து பூச்சிமாதிரிச் சனங்கள் வரிசை வரிசையாக இறங்குவார்களே, கீழேயிருந்து சுட வேண்டுமே, அது. கலர், சத்தம், எல்லாம் சரி. கைப்பிடி ஒன்றே ஒன்று! ஒருவர் சுட்டுச் செத்த பிறகுதான் மற்றவர் சுட வேண்டும். பழைய மெஷின் அலுமாரி மேலே போனது. ஞாயிறு மரியநாயகம் ஐயா வந்தார். மெஷினைப் போட்டேன். தேத்தண்ணீர் கொடுக்கிற மாதிரிக் கைப்பிடியை இரண்டு கையாலும் அவர்முன் நீட்டினேன்.

"மொதல்ல நீங்க டீச்சர்."

"சே, நீங்க விருந்தாளி. நீங்கதான் மொதல்ல."

"வீட்டுக்காரவங்க இருக்கயில நான் எப்படிங்க?"

"பரவாயில்லீங்க, புடிங்க."

"இல்லீங்க, நீங்க ஆடுங்க, நான் பாக்குறேன்."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இரண்டாம் தரம் உபசாரம் சொல்லாமல் எதையும் கையில் வாங்குவது மரியாதை இல்லை. மூன்றாம் தரம் சொல்லாமல் கொடுப்பதும் மரியாதை இல்லை. ஜப்பான்காரன் இதையெல்லாம் யோசித்து மெஷின் செய்யவில்லை. நாங்கள் கைப்பிடியை அங்கும் இங்கும் நீட்டிக்கொண்டிருக்க, அந்தப் பூச்சிச் சனங்கள் வரிசை மாறாமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் நின்ற பேச்சியம்மா தாங்க முடியாமல், "யாராச்சும் ஒருத்தர் சுடுங்களேன்! எறங்கிட்டானுகளே!" என்று கத்தினாள். உலகம் அழிந்தது. மறுபடி போட்டேன். மறுபடி உபசாரம், மறுபடி அழிந்தது.

அப்பா, "யாரும்மா செயிச்சா?" என்றார்.

"வந்தவங்க செயிச்சுட்டாங்க ஐயா" என்றாள் பேச்சியம்மா.

"டொக்டரா?"

"அவரு எங்க செயிச்சாரு? மேலருந்து வந்தவனுக."

பிறகு பழகிக்கொண்டோம். நான் சுடும்போது அவர் சுவரில் இருக்கும் திருஇருதயப் படத்தைப் பார்த்தார். அவர் சுடும்போது நான் என் விரல் நகத்தைப் பார்த்தேன். சுடுகிறவருக்குப் பேச நேரமில்லை, பார்க்கிறவர் பேசினால் சுடுகிறவர் செத்துப்போகிறார். வாரா வாரம் வந்தவர் மாதம் இரண்டு முறை வந்தார். பிறகு அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கிற நாளில் மட்டும் வந்தார். போன மாதம் அப்படி வந்தபோது, நான் அடுப்படியில் இருக்க, அப்பாவிடம் சொல்கிறார்:

"வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல டிஸ்பென்சர் வேல காலியா இருக்காம். கூப்புடுறாங்க. போகட்டுமா வேணாமான்னு யோசிக்கிறேன்."

"நல்ல தோட்டம்ங்க" என்கிறார் உன் அருமைத் தகப்பனார். "ரயிலுக்குக் கிட்ட. குளிரும் கம்மி. போங்க போங்க."

தேத்தண்ணீருக்குச் சீனி போட்டேனா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லாமல் இன்னொரு தரம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாகு மாதிரி இருந்த அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒரு டிஸ்பென்சர், சீனி வியாதிக்காரர்களைத் திட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்!

ஆகவே தம்பி, சனிக்கிழமை உன் கடிதத்தில் மூன்றாவது மெஷின் என்று வாசித்ததும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. ஸ்டூலில் ஏறி அலுமாரி மேலிருந்து பழைய மெஷினை இறக்கினேன். பெட்டரி கசிந்து உள்ளே பச்சைப் பாசி. எலுமிச்சம்பழச் சாற்றில் பஞ்சு தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மா வந்தாள்.

"என்னா டீச்சரம்மா, பழச எறக்கிட்டீங்க?"

"ஸ்கூல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் காட்ட."

"அப்படீங்களா. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே. எந்தப் பிள்ள வருது விஞ்ஞானம் பாக்க?"

"ஒனக்கு வேற வேல இல்லியா?"

"இருக்குங்க. பூசைக்குப் போயிட்டு வரயில டொக்டர் ஐயாகிட்ட, எனக்கு இருமல்னு சொல்லி, அப்படியே கண்டாக்கையாவுக்குப் பிரஷர் பாக்கணுமாம்னும் சொல்லிட்டு வந்துர்றேன்" என்று போய்விட்டாள். அவளுக்குப் பூசையும் கிடையாது, இருமலும் கிடையாது. அவள் முனியாண்டி கோயிலுக்குப் போகிறவள்.

நேற்று அவர் வந்தார். அப்பாவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். திரும்பியவர் மெஷினைக் கண்டார். "இது இன்னும் இருக்கா?" என்றார். நான் உபசாரம் எதுவும் சொல்லவில்லை. கம்பித் திருகை அவர் கையில் வைத்துவிட்டுப் பெட்டியை மடியில் எடுத்துக்கொண்டேன். அவரும் மூலைக் கதிரையைப் பார்க்காமல் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

கொழுந்து கூடின காலம் என்று ஞாயிறும் தேயிலை அரைக்கும் ஸ்டோரை ஓட்டினார்கள். ஸ்டோர் ஓடினால் நமக்குக் கரண்ட் குறைந்து டெலிவிஷன் படம் சுருங்கும். நேற்றும் நாலு பக்கமும் கறுப்பாகிச் சுருங்கிச் சுருங்கி, இரண்டு மட்டையும் கிட்டக் கிட்ட வந்துவிட்டன. பந்துக்கு ஓட இடமே இல்லை.

"வட்டவளைக்கு இன்னும் பதில் எழுதல டீச்சர்" என்றார்.

டொக். "ஏங்க?" என்றேன்.

டொக். "என்னா எழுதுறதுன்னு தெரியல."

டொக். "போக விருப்பமா?"

டொக். "விருப்பம்னு இல்லீங்க. இருன்னு சொல்ல இங்க யாரும் இல்ல."

சத்தம் நின்றுவிட்டது. "அவுட்! யாரு?" என்றார் அப்பா, குறட்டையிலிருந்து.

"நான்தாம்ப்பா."

றோலண்ட், உன் அக்கா படித்தவள். ஆண்டிறுதி விழாவில் கடதாசி இல்லாமல் பேசுகிறவள். அந்த நேரத்தில், அந்த மனிதரிடம், அவள் வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "சர்வீஸ் ஒங்களுதுங்க." இதைத்தான் சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன். அவர் திருகைக் கம்பியோடு சுருட்டி என் பக்கம் வைத்தார். பிறகு, "ஆட்டம் முடியலியே. அடுத்த ஞாயிறு வரைக்கும் எழுதாம இருக்கேன்" என்று எழும்பிப் போனார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போன மாதத்துச் சீனி இன்னும் அவருக்குள் இருக்கலாம்.

ஆக என் முடிவான கோரிக்கை. இந்த மெஷினைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடு. அவன் வாங்காவிட்டால் உன் அறைக்கூட்டாளிகள் சுடட்டும். இனி ஒரு கவ்வாத்துக் காலம் முடியும்வரை நம் வீட்டுக்குள் புது மெஷின் வரக் கூடாது. இதில் எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை, பொது நியாயம் மட்டுமே. செல்லசாமி அண்ணனுக்கு என் அன்பைச் சொல், வெறுங்கையோடு வரச் சொல். அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறார், வெயிலில் தொப்பி போடவும் சொல்கிறார். பேச்சியம்மா விசாரித்தாள். மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாராக. மற்றபடி இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் நன்மையையே கோரும் அக்கா,
செ. இசபெல்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உன் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். புது மெஷினுக்குக் கைப்பிடி இரண்டு என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம் என்றும் இருக்கிறது. அப்படியானால் மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிட்டு மெஷினை அனுப்பு. கம்பி நீளம், வாசலில் இருந்தும் ஆடலாம், அடுப்படியில் இருந்தும் ஆடலாம் என்று நீ பெருமைப்பட்டிருக்கிறாய். அந்த வரிதான் நேற்று முழுக்க மனதில் உறுத்தி, இன்று காலை பழைய கம்பியை அளக்க வைத்தது. பழையது என் ஒரு முழத்துக்கும் குறைவு. பரவாயில்லை, புதியதைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மெஷினைச் செல்லசாமி அண்ணனிடம் கொடுக்காதே, நீயே கையில் கொண்டு வா. தை மாதத்துக்கு லீவு கேள். கோயிலில் கலியாண ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், பெண் வீட்டுப் பக்கம் நிற்க ஒரு தம்பியாவது வேண்டும். வரும் ஞாயிறு, பந்து ஓடும்போது, வட்டவளைக்குப் போக வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று சொல்லப் போகிறேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பேச்சியம்மாவுக்குச் சொன்னால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் விடியுமுன் தெரிந்துவிடும், அவளுக்கும் சொல்லவில்லை. அவருக்கும்தான் இன்னும் சொல்லவில்லை.